விசிறி வாயில் காய்ந்த துணிகள்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்பவனுக்கு முதலில் வேண்டியது மூக்கு. கையும் காலும் அப்புறம்தான். வண்டியிலிருந்து இறங்கும் பச்சைக் கொழுந்தில் அறுத்த புல்லின் வாசம் அடிக்கும். நீளத் தொட்டிகளில் அதைப் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றை ஏற்ற ஏற்ற, புல்வாசம் தணிந்து ஒரு பழவாசம் எழும். அது எழுந்தால் கொழுந்து பதமாக வாடிவிட்டது, எந்திரத்துக்கு அனுப்பலாம் என்று பொருள். பந்தலூருக்கு மேற்கே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில், அந்த வாசத்தை மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான் பாலகுமார்.

அவன் அப்பா செல்லையா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, சிறுவனாகக் கப்பலேறி வந்தவர். இங்கே ஆயுள் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார். மகனாவது மழையில் நனையாத வேலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் இறந்த பிறகுதான் பாலகுமாருக்குத் தொழிற்சாலைக்குள் இடம் கிடைத்தது. அதுவும் தற்காலிகம். 2023ஆம் வருஷத்து மழைக்காலம் முடிந்ததும் அவனை நிரந்தரமாக்கிவிடுவதாக தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் பிராங்ளின் வாய்விட்டே சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆகிவிட்டால் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் அவன் பெயரிலேயே ஒரு லைன் வீடு கிடைக்கும். அதுவரை அவன், மனைவி வனிதா, ஒரு வயது நிரம்பாத மகள் ஸ்ரீமதி ஆகிய மூவரும் வனிதாவின் அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் கட்டிலைப் போட்டால் கதவைப் பாதிதான் திறக்க முடியும்.

குழந்தை பிறந்த புதிதில் அவர்களும் எல்லாரையும் போல டயபர்தான் வாங்கினார்கள். வனிதா கொழுந்தெடுக்கப் போகிறவள், துவைக்க நேரமில்லை. பயன்படுத்தியதைச் சுருட்டி லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் வீசுவது அங்கே எல்லா வீட்டு வழக்கம். குப்பை வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிடும். லயம் வரை இறங்காது.

மே மாதத்துக் கோடை மழையில் ஒருநாள் லயத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கியவன் பாலகுமார். அடைத்துக்கொண்டிருந்தது மண்ணும் இல்லை, சருகும் இல்லை. தண்ணீர் குடித்து பன் ரொட்டி போல ஊதிய டயபர்கள். காட்டுப்பன்றி கிழித்துப் போட்டவற்றிலிருந்து வழவழவென்று கஞ்சி மாதிரி ஏதோ ஒழுகியது. அவற்றில் மஞ்சள் வாத்துப் படம் போட்டவை தன் மகளுடையவை என்பது அவனுக்குத் தெரிந்தது. அந்த லயத்தில் வேறு யாரும் வாத்துப் படம் வாங்குவதில்லை.

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த வனிதாவின் அண்ணன், "நல்லா எண்ணி எடு மாப்ள. வாத்துக் கூட்டம் குஞ்சு குட்டியோட எறங்கி வந்திருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாலகுமார் சிரிக்கவில்லை.

அன்று மாலையே இனி டயபர் வேண்டாம் என்று வனிதாவிடம் சொன்னான்.

"நல்ல யோசனைதான். யாரு தொவைக்கிறது?" என்றாள் வனிதா.

"நாந்தான்."

"ரெண்டு நாளைக்குச் செய்வீங்க. மூணாவது நாள் வாளி என் தலைமாட்டுல இருக்கும்."

அவள் சொன்னபடி நடக்கவில்லை. வனிதாவின் பழைய நூல் சேலைகளையும், செல்லையா விட்டுப்போன வேட்டிகளையும் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, முக்கோணத் துணிகள் செய்தார்கள். பாலகுமார் மாலை வேலைக்குப் போய்க் காலையில் திரும்புகிறவன். தூங்கி எழுந்து மதியத்துக்கு மேல் துவைப்பான். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவான். பிறகு பூந்திக்கொட்டையை நசுக்கி ஊறவைத்த நுரையில் கசக்குவான். கடைசியில் வெந்நீர். ஆண்பிள்ளை பீத்துணி துவைக்கிறதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு சாந்தாமணி தன் விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது; ஆனால் கால்வாயில் இறங்கிய அன்று பட்டதை விடக் குறைவு.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று தானே வந்தது. டப்பா மாவு போய்க் கேழ்வரகுக் கூழ் வந்தது. சோப்பு போய்ப் பயத்தமாவு வந்தது. பேட்டரி பொம்மை உடைந்தபோது வேறு வாங்காமல் இரண்டு சிரட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தான். ஸ்ரீமதிக்கு அது போதுமானதாக இருந்தது; வீட்டிலிருந்த மற்றவர்களுக்குத்தான் காது வலித்தது.

ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பந்தலூர் மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெயில் என்பது அடுத்த ஊர்ச் சேதியாகிவிடும். கொடியில் போட்ட துணி போட்டபடி சொட்டிக்கொண்டிருக்கும். அடுப்புக்கு மேலே கட்டிப் பார்த்தார்கள். குழந்தை கருவாடு மாதிரி புகை நாற்றம் அடித்தது, இருமியது. அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டினால் தொடையிடுக்கு சிவந்துபோனது.

தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவள் தெய்வம்மா. இலங்கையிலிருந்து வந்தவள் என்பதால் அதைப் பிள்ளைக்காம்பரா என்றும், தொழிற்சாலையை இஸ்டோரு என்றும்தான் சொல்லுவாள். ஒருநாள் காலையில் குழந்தையை விட வந்த பாலகுமாரிடம் துணிமூட்டையைப் பிழிந்து காட்டினாள்.

"இந்தா பாரு. இதுல தேத்தண்ணி போடலாம். ஈரத்துணியக் கட்டி இந்தப் புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டுனா, ஒம் பொஞ்சாதி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவாளா, புள்ளைய மடியில வச்சிக்கிட்டு குந்தியிருப்பாளா? காஞ்ச துணி கொண்டா. இல்லாட்டி கடைத்துணியக் கட்டி விடு."

"காஞ்சது கொண்டுவாரேன் ஆயா" என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

அன்று மாலை வேலைக்குப் போன இடத்தில் வழி தெரிந்தது. மழை நாளில் கொழுந்தை வாட்ட வெறும் காற்று போதாது. கீழே அடுப்பில் விறகெரித்து, சூடான காற்றைக் குழாய் வழியாக மேலே அனுப்புவார்கள். ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஒரு பெரிய விசிறி. அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சின்ன அறை. சூடான காற்று அங்கே வந்து விழ, விசிறி அதை இழுத்துத் தொட்டிக்குள் தள்ளும். கடைசித் தொட்டியின் விசிறி அறைப் பக்கம் பாலகுமாரைத் தவிர யாரும் போவதில்லை. அவன் அங்கே ஒரு கயிறு கட்டினான். துணிகள் பொழுது விடிவதற்குள் அப்பளம் போலக் காய்ந்துவிட்டன.

வனிதாவுக்குச் சந்தோஷம். தொடைச் சிவப்பு ஆறுவதற்கென்று அவளும் ஒரு காரியம் செய்தாள். கற்பூரமரம் என்று அங்கே சொல்லும் யூகலிப்டஸின் இலையில் காய்ச்சிய தைலம், அக்கம்பக்கத்தில் காய்ச்சுகிறவர்களிடம் எப்போதும் கிடைப்பது. கடைசி அலசலில் அதைச் சில சொட்டு விட்டாள். துணியின் பூஞ்சை நாற்றம் போயிற்று. சிவப்பும் ஆறியது. துணியிலிருந்து வீடு முழுக்க, தலையணை, போர்வை, குழந்தையின் உச்சந்தலை வரைக்கும் தைல வாசம் ஏறியது. சில நாளில் அந்த வாசம் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோனது.

ஜூலையில் பிராங்ளினுக்குத் தலைவலி தொடங்கியது. தினமும் புதுத் தூளில் தேநீர் வடித்து, வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிப் பார்ப்பது அவர் வேலை. ஒரு கோப்பையை உறிஞ்சியவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஏலத்துக்கு முன் குன்னூரில் ருசி பார்க்கிறவர்களுக்கு அனுப்பிய மாதிரித் தூளும் திரும்பி வந்தது: தைலம் கலந்த வாடை, வாங்குவாரில்லை.

கடைசித் தொட்டியில் பரப்புவது வெளிக் கொழுந்து. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் வாங்குவதைத் தோட்டத்துக் கொழுந்தோடு கலக்காமல் தனியாகப் பரப்புவார்கள். அந்த மழையில் விடாமல் கொழுந்து கொண்டுவந்தவர் கொர்னேலியஸ் மட்டும்தான். மேட்டுப்பாளையத்துப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். மூன்று ஏக்கர் தேயிலை. வேலியோரம் வரிசையாகக் கற்பூரமரங்கள். பிராங்ளினுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கொர்னேலியஸ் ஜீப்பிலிருந்து மூட்டைகளை இறக்க வந்தபோது, இறக்கவேண்டாம் என்று சொல்லப்பட்டது.

"ஏனுங்க பிராங்ளின், அந்த மரம் என்ற அப்பிச்சி நட்டதுங்க. இத்தன வருசமா நாறாத கொழுந்து இந்த ஆடியிலதான் நாறுதுங்களா?" என்றார் கொர்னேலியஸ்.

"மரம் வளருது இல்லீங்களா. எல மேல எல விழுது. நான் என்னங்க பண்றது?"

"மரம் வளருதுன்னா உங்க மூக்குமா வளருது?"

பிராங்ளின் பாலகுமாரைக் கூப்பிட்டார். இருவரையும் மாடிக்கு அழைத்துப் போய், கடைசித் தொட்டியில் முந்தின நாள் பரப்பிய கொழுந்தை ஒரு கை அள்ளி பாலகுமாரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ சொல்லு. என்ன வாசம்?"

பாலகுமார் ஆழமாக இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

"வாடுன கொழுந்து வாசந்தான் சார். வேற ஒண்ணும் இல்ல."

"தைலம்?"

"இல்லையே சார்."

"அப்படிச் சொல்லு தம்பி" என்றார் கொர்னேலியஸ்.

பிராங்ளின் பாலகுமாரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குச் சளி பிடிச்சிருக்கணும். இல்லாட்டி நீ இவருக்குப் பரிஞ்சு பேசணும். ரெண்டுல எது?"

பாலகுமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. மூட்டைகள் ஜீப்போடு திரும்பிப் போயின. பறித்த கொழுந்து தங்கத்தைப் போல் பெட்டியில் காத்திருக்காது. வேறு தொழிற்சாலைக்குக் கொண்டு போவதற்குள் மூட்டைக்குள்ளேயே வெந்து சிவந்துவிடும். கொர்னேலியஸ் அதை எருக்குழியில் கொட்டினார் என்று சேதி வந்தது. அதன்பிறகு வெளிக் கொழுந்து இல்லாததால் கடைசித் தொட்டி காலியாகக் கிடந்தது. தைல வாடையும் நின்றது. பார்த்தாயா என்பது போலப் பிராங்ளின் பாலகுமாரிடம் தலையாட்டிவிட்டுப் போனார். பாலகுமாருக்கும் அது சரியென்றே பட்டது. தன் மூக்குக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, நிரந்தரம் ஆகிற நேரத்தில் இப்படியா என்று கலங்கினான். கருஞ்சீரகத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே திரிந்தான்.

அந்த வாரத்தில் ஒரு காலை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குள் போனபோது தெய்வம்மா உள்ளறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "பாலகுமாரு, புள்ளைய பாயில விடு" என்றாள்.

"நாந்தான்னு எப்பிடி ஆயா தெரியும்? முதுகுலயும் கண்ணா?"

"கண்ணு எதுக்கு? நீயும் ஒம் மவளும் வாசலத் தாண்டும்போதே தைலம் இங்க வந்துரும். மத்தப் பெத்தவளுங்க என்னையப் புடிச்சிக்கிறாளுங்க, எங்க புள்ளைக்கும் அந்த வாசம் ஒட்டிக்குதாம். நான் என்னா தைலக் கடையா வச்சிருக்கேன்?"

பாலகுமார் பாயருகிலேயே நின்றுவிட்டான். குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தான். ஒன்றும் தெரியவில்லை. துணிமூட்டையில் முகத்தைப் புதைத்தான். அப்போதும் தெரியவில்லை. விசிறிக்குப் பின்னால் கட்டிய கயிறும், அதைக் கடந்து தொட்டிக்குள் போகும் காற்றும், அந்தக் காற்றின் மேல் கிடந்த கொர்னேலியஸின் கொழுந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் கண்முன் வந்தன. தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், மாடிக்கு வெங்காயம் கூடக் கொண்டு வராதே என்பதுதான் அங்கே முதல்நாள் அவனுக்குச் சொன்ன பாடம்.

வனிதா மலையிலிருந்து வரும்வரை அவன் தூங்கவில்லை. அவள் வந்து, மழைக்கு இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. கயிற அவுத்துட்டா தடயமே இல்ல."

"அப்ப அவுத்துருங்க."

"அவுத்துட்டு?"

"அவுத்துட்டு என்ன, சும்மா இருங்க. நிரந்தரம் ஆவட்டும். வீடு வரட்டும். இந்தக் கதவு முழுசாத் தொறந்து நான் பாத்ததில்ல." எழுந்து சாக்கைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, "அந்த மனுசன் கொழுந்த எங்க கொட்டினாராம்?" என்று கேட்டாள்.

"எருக்குழியில."

"பறிச்சது யாரு?"

"அவரும் அவரு பொஞ்சாதியுந்தான். இந்த மழையில கூலிக்கு எவன் வாரான்?"

வனிதா தன் விரல்களைப் பார்த்தாள். மழையில் கொழுந்தெடுக்கும் கைகள் எப்படி ஊறி வெளுத்து வெடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். "தைலத்த ஊத்தினது நாந்தான்னும் சொல்லுங்க. அந்தப் பெருமைய நீங்களே எடுத்துக்காதீங்க."

வேலை தொடங்குமுன்னே பாலகுமார் பிராங்ளினின் அறைக்குப் போய், மடித்த முக்கோணத் துணி ஒன்றை மேசைமேல், வெள்ளைக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மூந்து பாருங்க சார்."

பிராங்ளின் எடுத்து முகர்ந்தார். கண்கள் விரிந்தன. "இதேதான். இந்த வாடைதான். எங்கிருந்துய்யா புடிச்ச? என்ன துணி இது?"

"பாப்பாவோட பீத்துணி சார். தொவைச்சதுதான்."

பிராங்ளின் துணியைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கை நிதானமாகத் துடைத்தார். பாலகுமார் நின்றபடியே கயிறு கட்டியதிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னான். டீமேக்கருக்குக் கோபம் வர நேரம் பிடித்தது; முதலில் அவர் தன்னையே நினைத்துக்கொண்டார்.

"அந்த மனுசன் முகத்துக்கு நேரா மரத்தப் பத்திப் பாடம் நடத்தினேனேய்யா" என்றார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவரு எனக்கு முன் வரிசை." பிறகுதான் குரல் உயர்ந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற எடம் காட்டியிருப்பேன். வாட்டுற எடத்துலயா கொண்டு காயப்போடுவ?"

"தப்புதான் சார்."

"மேனேஜர்கிட்ட நான் மறைக்க முடியாது. வேலைய விட்டு அனுப்பாம பாத்துக்கிறேன். ஆனா நிரந்தரம் இந்த வருஷம் இல்ல. மாடி வேலையும் இல்ல. நாளையிலேருந்து கீழ அடுப்புக்குப் போ, வெறகு தள்ளு." சற்று நிறுத்தி, "வெறகு அடுக்கியிருக்கிற கொட்டகைப் பக்கம் அனல் நல்லா அடிக்கும். அந்தக் காத்து நேரா வெளிய போயிரும், கொழுந்துக்கு வராது. அங்க எவன் கோவணத்தக் காயப்போட்டாலும் எனக்குக் கவலையில்ல. தைலம் மட்டும் ஆவாது" என்றார்.

கொர்னேலியஸிடம் தானே போய்ச் சொல்லுமாறு பிராங்ளின் அவனுக்குக் கட்டளையிட்டார். அன்றிரவே பிராங்ளினும் தொலைபேசியில் கொர்னேலியஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது. பாலகுமார் போனபோது கொர்னேலியஸ் வாசலில் குடையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "அப்ப என்ற கொழுந்து நாறல. உன்ற ஊட்டுத் துணிதான் நாறுச்சு" என்றார்.

"ஆமாங்க."

"இதக் கோயில்ல மைக் வச்சுச் சொல்லணும்."

"சொல்லுங்க. நானே வந்து சொல்றேன்."

கொர்னேலியஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அது வேண்டாம். எருக்குழியில கொட்டுன கொழுந்து எருவாத்தான் ஆவும், அது போகட்டும். ரெண்டு ஞாயித்துக்கெழம வந்து களை எடுத்துக் குடு. காட்டுப்பக்கம் பாதி கொடி ஏறிக் கெடக்குது. ஆனைக்குக்கூட வழி தெரியல."

முதல் ஞாயிற்றுக்கிழமை மழை சற்று விட்டிருந்தது. பாலகுமார் மட்டும் வருவான் என்று எதிர்பார்த்த கொர்னேலியஸ், வனிதாவும் இடுப்பில் குழந்தையோடு வருவதைப் பார்த்தார். நிரந்தரம் போன நாளிலிருந்து அவள் வீட்டில் அதிகம் பேசவில்லை. அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பின்னறைக்குள் இன்னொரு மழைக்காலம் எப்படி இருப்பது என்று ஒரு தடவை பாலகுமாரிடம் கேட்டாள். அடுப்புக் கொட்டகையில் துணிகள் நன்றாகத்தான் காய்ந்தன. பூந்திக்கொட்டை வாசம் மட்டும் இருந்தது. தைலம் ஓய்ந்ததும் பாலகுமாரின் மூக்கு பழையபடியாகி, கொழுந்தின் வாசம் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அது இப்போது மேல்மாடியிலிருந்து, அவனுக்கு வேலையில்லாத இடத்திலிருந்து வந்தது.

வேலியோரம் போய், வனிதா தான் கொண்டுவந்த பழைய சேலையை எடுத்து, கைக்கு எட்டிய இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டினாள். ஸ்ரீமதியை அதில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள்.

தேயிலைக்குள் குனிந்திருந்த கொர்னேலியஸ் தலையைத் தூக்கினார்.

"ஏனம்மணி, அது கற்பூரமரம். புள்ளைய அங்கயா கட்டுறது? நாளைக்குப் பிராங்ளின் வந்து மூந்து பாத்தான்னா உன்ற மகளையும் ஜீப்புல திருப்பி அனுப்பிருவான்."

வனிதா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. பாலகுமார் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து, முடிச்சை அவிழ்த்து, தேயிலைக்கு நடுவே நின்ற சில்வர் ஓக் மரங்களில் தூளியைக் கட்டினான். குழந்தை அதற்குள் தூளியை நனைத்திருந்தது. மாற்றுத்துணி கேட்டுக் கையை நீட்டினான். வனிதா பையிலிருந்து ஒன்றை எடுத்து, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.